ஊர் என்றால் கடைத்தெரு மட்டும்தானா?

நம் இதழில் இதுவரை பென்ஷனைப் பற்றியும் தண்டவாளத்தைப் பற்றியும்தான் எழுதி உங்களை அறுத்திருக்கிறேன். இந்தத் தடவை ஒரு விளையாட்டைப் பற்றி எழுத உத்தேசம். அறுபதைத் தாண்டியவனுக்கு விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுப் பக்கம் வந்து பார்க்கலாம். ஹாலில் கால் வைக்க இடம் இருக்காது. என் பேரனும் அவனுடைய நாலு சிநேகிதர்களும் சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு பகடை உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டத்தின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இரண்டு பேர் மூன்று சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தது. இதில் காய் கிடையாது, கட்டம் அவசியமில்லை, ஜெயிப்பவன் தோற்பவன் என்றும் கிடையாது. ஒருவன் கதையை நடத்துவான். அவனை 'டி.எம்.' என்கிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம்: ஒருவன் போர்வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் பூசாரி, ஒருத்தி திருடி. "குகை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் ஏதோ உறுமுகிறது. என்ன செய்கிறாய்?" என்று டி.எம். கேட்பான். அவர்கள் சொல்வார்கள். சொன்னது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகமுள்ள பகடையை உருட்டுவார்கள். நம் ஊர்க் கதாகாலட்சேபமும் தாயக்கட்டையும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தவர்களும் நடுவே எழுந்து கதையை மாற்றலாம் என்பதுதான் வித்தியாசம். பேயை வணங்கச் சொல்லித்தரும் ஆட்டம் என்று 1980களில் அமெரிக்காவிலேயே ஒரு பெரிய புரளி கிளம்பி அடங்கியது. நம் சங்கத்துத் தாய்மார்கள் சிலருக்கும் அந்தச் சந்தேகம் இருப்பதாகக் கேள்வி. நான் ஒரு வருஷமாகக் கூடவே உட்கார்ந்து பார்க்கிறேன். பேய் ஒன்றும் வரவில்லை. முறுக்கு டப்பா காலியாவதுதான் ஒரே நஷ்டம்.

நிற்க. சொல்ல வந்த சங்கதி வேறு.

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பேரன்தான் டி.எம். குகையில் சண்டை முடித்து, ஆட்டக்காரர்கள் ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஐம்பது அடிக் கயிறு வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தார்கள். புத்தகப்படி அதன் விலை ஒரு பொற்காசு. மாடி வீட்டு வங்காளிப் பையன்தான் போர்வீரன். விலையைக் குறைக்கச் சொன்னான். கடைக்காரனாகப் பேசிய என் பேரன் முடியாது என்றான். பையன் கத்தியை உருவினான், பகடையை உருட்டினான், கடைக்காரன் செத்தான். கயிற்றை எடுத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது.

ராத்திரி பேரன் என்னிடம் வந்து, "தாத்தா, ஊர் வந்தாலே போரடிக்குது. கடைக்குப் போறாங்க, சத்திரத்துல தூங்கறாங்க, கிளம்பறாங்க. இனிமே ஊரே வேண்டாம், குகையிலேருந்து நேரா அடுத்த குகைக்கே கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தேழு வருஷம் ரயில்வேயில் ஊர் ஊராக மாற்றலாகி, ஒவ்வொன்றிலும் தெரியாத ஆளாக இறங்கியவன் நான். ஊரில் போரடிக்கிறது என்று ஒருவன் சொன்னால் அவன் இன்னும் ஊருக்குள் நுழையவே இல்லை என்றுதான் நினைப்பேன். என் கட்சி இதுதான்: குகையில் நடப்பதைவிட ஊரில் நடப்பதுதான் இந்த ஆட்டத்தின் சாரம். அதைச் சரியாக நடத்தத் தெரியாமல் கடைத்தெருவாகச் சுருக்கிவிட்டு, ஊரின் மேல் பழி போடுகிறோம்.

இது என் சொந்தச் சரக்கு மட்டுமல்ல. இந்த வகை ஆட்டம் பிறந்ததே ஊரில்தான். 1969இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் சிநேகிதர்களோடு நெப்போலியன் காலத்து யுத்த விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாறுதலுக்காக, பிரஷ்ய நாட்டில் பிரவுன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஊரை வைத்துக்கொண்டார். படைத்தலைவர்கள் மட்டுமல்லாமல், ஒருவரை மேயர், ஒருவரை பாங்க் அதிபர், ஒருவரைப் பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு காரியம் கொடுத்தார். அவர்கள் படை வரும்வரை காத்திருக்கவில்லை. தங்களுக்குள் பேசி, சதி செய்து, ஊரைக் கலக்கிவிட்டார்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் துவந்த யுத்தம் செய்யப்போவதாகச் சொல்ல, அதற்கு விதியே இல்லாமல் அந்த இடத்திலேயே வெஸ்லி விதி செய்ய வேண்டியதாயிற்று. ஆட்டம் குட்டிச்சுவராகிவிட்டது என்று அவர் நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு தடவை நடத்து என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னஸன்தான் பிறகு பிளாக்மூர் என்று தனக்கொரு ஊரையும் கோட்டையையும் உண்டாக்கி, அதன் அடியில் பாதாள அறைகளை வைத்தார். பாதாளம் பின்னால் வந்தது.

அப்புறம் ஊர் எப்படிக் கடைத்தெருவாயிற்று? பேரனிடம் இருந்த பழைய சாகசப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். 1980 வாக்கில் கைகாக்ஸ் எழுதிய 'கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற புத்தகம் ஆரம்பக்காரர்களுக்கென்றே பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. அதில் ஒரு எல்லைக்கோட்டை வருகிறது. கொல்லன் இருக்கிறான், லேவாதேவிக்காரன் இருக்கிறான், கோட்டைத் தலைவன் இருக்கிறான். ஒருவருக்கும் பெயர் இல்லை. எல்லோருக்கும் தொழில்தான் பெயர். பெயரை நீயே வைத்துக்கொள் என்ற எண்ணமாக இருக்கலாம். ஆனால் பதினைந்து வயதுப் பையன் அவசரத்தில் பெயர் வைக்க மாட்டான். அவனுக்கு அந்த ஆள் 'கடைக்காரன்' அவ்வளவுதான். பெயரில்லாதவனைக் கொல்வது சுலபம். 1979இல் வந்த அவருடைய 'ஹாம்லெட் கிராமம்' இதைவிடத் தேவலை. அங்கே நல்ல வியாபாரிகளாக நடிப்பவர்கள் உண்மையில் எதிரியின் ஒற்றர்கள். இருந்தாலும் எந்தக் குடியானவன் வீட்டில் எங்கே காசு ஒளித்து வைத்திருக்கிறான் என்று அதில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால், கன்னக்கோல் வைக்க அழைப்பு விடுத்த மாதிரி இருக்கிறது.

பெயரில்லாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியும். 1983இல் இட்டார்ஸி ஜங்ஷனில் நான் போய் இறங்கியபோது டிப்ளமா சான்றிதழும் ஒரு டிரங்குப் பெட்டியும் புது மனைவியும்தான் சொத்து. பல வருஷம் எங்கள் லைனில் எனக்கு 'மதராஸி பாபு' என்றுதான் பெயர். ஹிந்தியில் 'பானி', 'சாய்' இரண்டும் தெரியும். போன மூன்றாம் நாள், வீட்டு அம்மாள் புழுங்கலரிசி வாங்கி வரச் சொன்னாள். கடையில் இருந்ததெல்லாம் பச்சரிசி. எப்படிக் கேட்பது? நெல்லை அண்டாவில் போட்டு வேகவைப்பதாகக் கையால் அபிநயம் பிடித்தேன். கடைக்காரர் முகம் மலர்ந்து, ஸ்டேஷன் எதிரிலிருந்த சாப்பாட்டு ஹோட்டலைக் கைகாட்டினார். வெந்த சோறு கேட்கிறான் என்று நினைத்துவிட்டார். பின்னால் நின்றிருந்த ஒரு பிஹார்க்காரர், எங்கள் டிராக் கேங்கிலேயே வேலை செய்பவர், சிரித்துக்கொண்டே "உஸ்னா சாவல்" என்றார். அவர்கள் பக்கத்திலும் புழுங்கலரிசிதான் சாப்பாடு. எங்கே கிடைக்கும் என்று கூடவே வந்து காட்டினார். ஒரு வாரம் கழித்து வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருக்கு மேலதிகாரிக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுத வேண்டும். அன்று ஆரம்பித்தது, பதினோரு வருஷம் நான் மனு எழுதினேன், அவர் அரிசி வாங்கிக் கொடுத்தார்.

இதைப் பேரனிடம் சொல்லி, "இதுதாண்டா ஊர்ல நடக்கற சந்திப்பு" என்றேன். எனக்கு ஒன்று தேவை. ஒரு தடை. மூன்றாவது ஆள் ஒருவர் குறுக்கே வருகிறார். அவருக்கும் ஒரு தேவை இருக்கிறது, ஆனால் அன்றைக்கே சொல்வதில்லை. கடன் மறுநாளுக்கு நிற்கிறது. குகையில் இது நடக்காது. குகை மிருகத்துக்கு மறுநாள் கிடையாது. ஊரில் காலையில் எழுந்தால் அதே தெரு, அதே முகம்.

அந்த அரிசிக் கதையில் பாதிச் சுவை பாஷை தெரியாததில் இருக்கிறது. இந்த ஆட்டத்திலோ 'காமன்' என்று ஒரு பொதுப் பாஷை வைத்திருக்கிறார்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் ஏறக்குறைய எல்லா ஆட்டக்காரனும் அதைப் பேசுகிறான், ஊரில் பார்க்கும் ஆளும் பேசுகிறான். மலையிலிருந்து குள்ளர்கள், காட்டிலிருந்து எல்ஃபுகள் எல்லோரும் வந்து இறங்குகிறார்கள், ஒருவனுக்கும் பாஷைத் தொல்லை இல்லை! சௌகரியம்தான். ஆனால் வேறு மாநிலத்தில் குப்பை கொட்டிய எவனும் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். குறைந்தபட்சம் ஊரில் ஒரு தெருவாவது, ஒரு கிழவியாவது 'காமன்' பேசாமல் இருக்கட்டும். அபிநயம் பிடிக்கட்டும் பிள்ளைகள்.

தயாராகக் கிடைக்கும் பட்டியல்களில் ஊருக்கென்று என்ன இருக்கிறது என்று பார்த்தால், முடிச்சவிழ்க்கி ஒருவன், குடிகாரன் ஒருவன், காவல்காரர்கள் நாலு பேர், சத்திரத்தில் சண்டை, இத்யாதி. முடிச்சவிழ்க்கி காசைப் பறித்தால் பிள்ளைகள் துரத்திப் பிடித்து வெட்டுவார்கள். திரும்பவும் குகைதான். அதே முடிச்சவிழ்க்கி வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தைத் தவறுதலாக உங்கள் பையில் போட்டுவிட்டு ஓடினான் என்றால்? அங்கே கத்திக்கு வேலை இல்லை.

பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகடைக் கணக்கு எனக்குப் பிடித்த விஷயம். ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டினால் 36 விதமாக விழலாம். 7 விழ ஆறு வழி, 2 விழவும் 12 விழவும் ஒவ்வொரு வழிதான். ஆகவே ஊரில் தினசரி நடப்பதை 7க்குப் பக்கத்தில் எழுது, அபூர்வமானதை இரண்டு ஓரத்தில் எழுது என்று பேரனிடம் சொன்னேன். அவன் முதலில் எழுதியதில் 7க்கு நேரே டிராகன் இருந்தது! தினம் டிராகன் வந்தால் அந்த ஊரில் யார் குடியிருப்பார்கள்? புதிதாகச் சந்திப்பவன் எப்படி நடந்துகொள்வான் என்பதற்கும் ஆரம்ப காலத்திலிருந்தே இரண்டு பகடைக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1981 புத்தகத்தில் உள்ளபடி, 2 விழுந்தால் உடனே தாக்குவான், 12 விழுந்தால் உயிர்ச் சிநேகிதம், 6 முதல் 8 வரை விழுந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பான். அந்த நடுப்பகுதிக்கு 36இல் 16, அதாவது நூற்றுக்கு 44. எனக்கு இது மிகவும் சரியாகப் படுகிறது. இட்டார்ஸியில் முதல் நாள் என்னைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நின்றார்கள். இந்தக் கணக்கை ராட்சசனுக்கு மட்டுமல்லாமல் ரொட்டிக் கடைக்காரனுக்கும் உருட்டுங்கள் என்கிறேன்.

ஊருக்கு வரைபடம் போடுவதில் மெனக்கெடவும் வேண்டாம். டைம்டேபிள் போதும். எப்போது சந்தை கூடும், எப்போது வரி வசூலிப்பவன் வந்து உட்காருவான், எப்போது கதவு சாத்தும் என்று பத்து வரி. பிரயாணி ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி புறப்படுகிற மாதிரி, ஆட்டக்காரன் தலையிட்டாலும் தலையிடாவிட்டாலும் ஊர் நடக்க வேண்டும்.

அந்தக் கதவைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். லெவல் கிராஸிங்கில் கேட்மேன், கேட்டைச் சாத்திவிட்டதாக ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போனில் பிரைவேட் நம்பர் கொடுத்த பிறகு, வண்டி போகும்வரை மாமனாரே வந்து நின்றாலும் திறக்கக் கூடாது. கேட்டுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தைப் போல ஒரு நாடகம் எங்கும் பார்க்க முடியாது. அதையே ஆட்டத்தில் வைத்தோம்.

அதே ஊர். கோட்டைக் கதவு அஸ்தமனத்துக்குச் சாத்தினால் விடிந்துதான் திறக்கும் என்று உத்தரவு. ஆட்டக்காரர்கள் கொஞ்சம் தாமதமாக வந்து சேருகிறார்கள். வெளியே ஏற்கெனவே மூன்று பேர். நாற்பது ஆடுகளோடு ஓர் இடையன்: விடிவதற்குள் சந்தைக்குள் போய் விற்றுக் கடனைக் கட்டாவிட்டால் நிலம் போய்விடும். கடன் கொடுத்தவனின் ஆள்: கதவு திறக்காமல் இருந்தால் அவனுக்கு லாபம். பிரசவ வலியெடுத்த மனைவியை வண்டியில் வைத்துக்கொண்டு ஒரு கணவன்: மருத்துவச்சி உள்ளே இருக்கிறாள். கதவுக்கு மேலே காவல்காரன் கெட்டவன் அல்ல. போன வருஷம் இரக்கப்பட்டுத் திறந்து, சம்பளப் பிடித்தம் வாங்கியவன். ஊரில் யார் எதை விரும்பினாலும் அது இன்னொருவன் விரும்புவதோடு முட்ட வேண்டும், அதே சமயம் ஒருவனும் ராட்சசனாக இருக்கக் கூடாது.

மூன்று மணி நேரம் ஓடியது. கத்தியை ஒருவரும் உருவவில்லை. திருடியாக ஆடும் எதிர் பிளாட் தெலுங்குப் பெண் காவல்காரனிடம் பேச்சுக் கொடுத்து அவன் கதையைக் கறந்தாள். பூசாரி வெளியிலேயே பிரசவம் பார்க்கிறேன் என்று பகடையை உருட்டி, 4 விழுந்து கையைப் பிசைந்தான். கடைசியில் யோசனை சொன்னது வங்காளிப் பையன்தான். கதவைத் திறக்க வேண்டாம், உத்தரவை மீறவும் வேண்டாம். மருத்துவச்சியைச் சுவர்மேல் வரச்சொல்லி, கயிறு கட்டி வெளியே இறக்கிவிடுவோம். "என்னிடம் ஐம்பது அடிக் கயிறு இருக்கிறது" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள், நான் உள்பட. கயிற்றைச் சுவர்மேல் எறிந்தான். மருத்துவச்சி இறங்கினாள், குழந்தை பிறந்தது.

இங்கே ஒரு விஷயம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடற்படையில், அரசாங்கக் கயிறு திருட்டுப் போனால் அடையாளம் தெரிவதற்காக, முறுக்கும்போதே உள்ளே ஒரு வண்ண நூலை வைத்துத் திரிப்பார்கள். இதைப் பேரன் காதில் முதல் நாளே போட்டிருந்தேன். மேலே காவல்காரன் தீவட்டி வெளிச்சத்தில் கயிற்றைத் திரும்பச் சுருட்டிக் கொடுக்கும்போது நின்றான். "இதில் சிவப்பு நூல் ஓடுகிறதே. இது நம் கயிற்றுக்கடைச் சரக்கு அல்லவா? பாவம், அவனை யாரோ கொன்றுபோட்டு நாலு நாள் ஆகிறது. நீங்கள் இதை அவனிடம் எப்போது வாங்கினீர்கள்?" என்று கேட்டான்.

ஹாலில் சத்தமே இல்லை. அந்தப் பையன் கையிலிருந்த பகடையை மேஜைமேல் வைத்தான். அன்று ஆட்டம் அத்தோடு நின்றது. மாடிப்படி ஏறும்போது என்னிடம் ஹிந்தியில், "தாத்தாஜி, அந்தக் கடைக்காரனுக்கு வீட்டில் யாராவது உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனான். டி.எம். சொல்வான் என்றேன்.

பேரனுக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு, அதையும் சொல்ல வேண்டும். "ஒவ்வொரு தடவையும் இப்படி இழுத்தா அவங்க டயர்டாயிடுவாங்க தாத்தா. சண்டை போட்டுட்டு வந்தா கொஞ்சம் சும்மா உட்காரவும் வேணும்" என்கிறான். யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதும் சரி. எல்லா நாளும் ஏதாவது நடக்கிற ஊரில் நான் மட்டும் எப்படிப் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்? பத்துத் தடவை ஊருக்குள் போனால் இரண்டு மூன்று தடவை போதும். மற்ற நாட்களில் அரிசி வாங்கிவிட்டு வரட்டும்.

வருகிற ஞாயிறு கோட்டைக் கதவு திறக்கிறது. கயிற்றுக்கடையில் ஒரு மகள் இருக்கிறாள், அப்பாவின் ராட்டையைச் சுற்றத் தெரிந்தவள் என்று முடிவாகியிருக்கிறது. அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. செத்துப்போன அப்பாவுக்குத்தான் இன்னும் வைக்கவில்லை. நேற்று ராத்திரி பேரன் என்னை எழுப்பி, "அவருக்கு என்ன பேர் தாத்தா வைக்கலாம்?" என்று கேட்டான். இட்டார்ஸியில் என்னோடு அரிசி வாங்க வந்தவரின் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டான்.